பாம்புக்கடிப் பக்கத்துக்கு ஓர் இணைப்பு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. பராகுவேயின் தலைநகர் அசுன்சியோனில் என் எதிர் மேசையில் உட்கார்ந்திருக்கும் சுனில்டாவுடையது. எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன்.

"எழுது. ஆனா என்னைக் கெட்டிக்காரியா காட்டாதே. நான் அடிச்ச கூத்தையும் சேத்து எழுது."

தமிழில் எழுதப்போகிறேன் என்றேன்.

"அப்ப இங்க எவனுக்கும் தெரியாது. இன்னும் நல்லதாப் போச்சு."

எங்கள் இருவருக்கும் ஒரே தொழில். மற்றவர்களின் இணையதளங்களைத் தேடலில் மேலே கொண்டுவருவது. ஒருவர் மெத்தை என்று தேடினால் எங்கள் மெத்தைக்காரர் முதலில் வர வேண்டும். அதற்கு வேறு தளங்கள் அவரைக் கை காட்ட வேண்டும். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைக் கை காட்டுவதற்குப் பெயர் இணைப்பு. பலர் கை காட்டும் கடையில் கூட்டம் சேர்வதுபோல, பல பக்கங்கள் கை காட்டும் பக்கத்தைத் தேடுபொறி நம்பும். யாரும் தானாகக் கை காட்டாதபோது, காட்டவைப்பது எங்கள் பிழைப்பு.

சுனில்டா இணைப்பு கேட்டுக் கடிதம் போடுவாள். நான் இணைப்பைச் செருகத் தோதான கட்டுரைகளை எழுதுவேன். நல்ல தூக்கத்தைப் பற்றி நான் எழுதியதை யாரும் கடைசிவரை வாசித்ததில்லை. வாசிக்கத் தேவையும் இல்லை. எங்கேயாவது ஒரு சொல் இணைப்பாக, நீல நிறத்தில் இருந்தால் போதும்.

அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை வாசிக்கப்படும் ஒன்றை எழுதி எனக்குப் பழக்கமில்லை. தடுமாறிய இடங்களைத் தெரியும்படியே விட்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்:

[எங்கள் நிறுவனம் இல்லாத மனிதர்களைத் தயாரித்தது. அவர்களுக்குப் பெயர் உண்டு, முகம் உண்டு, நாய்க்குட்டி உண்டு. எதைப் பற்றியும் கருத்து மட்டும்—]

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படி ஆரம்பித்தால் கதை எங்கள் நிறுவனத்தைப் பற்றியதாகிவிடும். நிறுவனத்துக்கு இதில் ஆபத்து எதுவும் இல்லை. ஆபத்து வேறு ஆட்களுக்கு.

இரண்டாம் தொடக்கம்:

[பராகுவேயில் பலவகைப் பாம்புகள் உள்ளன. அவற்றுள்—]

இது நான் பிழைப்புக்கு எழுதுவது. அடுத்த வரியில் மெத்தை வந்துவிடும்.

மூன்றாவதாக ஒரே ஒரு வரி எழுதினேன். அதில் ஒரு பெண் ஃபோனை வைத்தாள். அவளை விட்டுப் போக மனம் வரவில்லை.

3

பிளாசிதா ஃபோனை வைத்தாள். உடனே அடுத்த எண்ணைப் போட்டாள்.

அவள் சுனில்டாவின் சித்தி மகள். சான் பெத்ரோ பக்கம் ஒரு சிறிய சுகாதார நிலையத்தில் செவிலி. தினமும் காலையில் சுற்றுவட்டாரத்து மருத்துவமனைகளுக்கு ஃபோன் செய்வாள். கேள்வி ஒன்றுதான்: பாம்புக்கடி மருந்து இருக்கிறதா? இருக்கிறது என்றால் அந்த ஊருக்குப் பச்சை. இல்லையென்றால் சிவப்பு.

எல்லா இடத்திலும் எல்லா நாளும் மருந்து இருக்காது. கடிபட்டவனை மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு ஓர் ஊருக்குப் போய், அங்கே இல்லை என்று தெரிந்து, அடுத்த ஊருக்கு ஓடுவதற்குள்—

இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. உங்களுக்கே தெரியும்.

அந்தப் பச்சையையும் சிவப்பையும் பிளாசிதா ஓர் இணையப் பக்கத்தில் போட்டாள். பக்கத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை சுனில்டா செய்து கொடுத்திருந்தாள். சிக்னல் குறைந்த இடத்திலும் சட்டென்று திறக்கும். ஊர்ப் பெயர், நிறம், ஃபோன் எண், போகும் வழி. வேறு எதுவும் கிடையாது. நல்ல பக்கம். ஒரே குறை, யார் என்ன தேடினாலும் அது வரவில்லை.

"எத்தனை பேர் பாத்தாங்க?" பிளாசிதா ஃபோனில் கேட்டாள்.

"கொஞ்சம் பேர்."

"அதுல நீ எத்தனை தடவை, நான் எத்தனை தடவை?"

சுனில்டா கழித்துப் பார்த்தாள். மிச்சம் யாரும் இல்லை.

"பாரு சுனி. நான் ஃபோன் போட்டாலே அந்தப் பக்கம் ‘வந்துட்டா பாம்புக்காரி’ங்கறாங்க. சொல்லிட்டுப் போகட்டும். ஆனா எவனும் பாக்காத பலகைக்கு நான் எதுக்கு தினமும் சாயம் அடிக்கணும்? வெயில் காலம் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஆள் வரலைன்னா விட்டுடுவேன்."

"வெயில் காலத்துலதானேடீ பாம்பே வெளிய வரும்."

"அதனாலதான் சொல்றேன். ஊர்ல இருக்கற மெத்தையை எல்லாம் மேல ஏத்தறவ நீதானே? இதையும் ஏத்து."

4

சுனில்டா தனக்குத் தெரிந்த வழியில் ஏற்றினாள்.

நிறுவனத்திடம் சொந்தமாகச் சில வலைப்பூக்கள் இருந்தன. எல்லாம் இல்லாத மனிதர்கள் எழுதுபவை. ‘தெற்கத்தித் தாய்மார்’ என்று ஒன்று. ‘கூடாரமும் நானும்’ என்று ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு கட்டுரை, கட்டுரைக்குள் ஒரு நீலச் சொல், சொல்லுக்குப் பின்னால் பிளாசிதாவின் பக்கம். கட்டுரைகளை நான்தான் எழுதினேன். ‘குழந்தைகளோடு முகாம் போகிறீர்களா?’ என்று ஆரம்பித்தேன். ‘வெறுங்காலோடு புல்லில் நடப்பதன் இன்பம்’ என்பதும் என்னுடையதே. அதற்குள் பாம்புக்கடி மருந்துக்கு இணைப்பு வைத்தபோது இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

பக்கம் ஏறியது. சுனில்டா திரையைப் படம் எடுத்துப் பிளாசிதாவுக்கு அனுப்பினாள். பிளாசிதா கைதட்டும் பொம்மையைத் திருப்பி அனுப்பினாள்.

பிறகு ஒரு காலையில் பக்கத்தைக் காணோம். கீழே இறங்கியிருக்கும் என்று பார்த்தாள். கீழேயும் இல்லை. பெயரை முழுதாக அடித்துத் தேடினாலும் இல்லை.*

* தேடுபொறி எத்தனை கைகள் என்று மட்டும் பார்ப்பதில்லை. யாருடைய கைகள் என்றும் பார்க்கும். மெத்தையையும் லாட்டரியையும் காட்டிய அதே கைகள் திடீரென்று ஒரு பாம்புப் பக்கத்தைக் காட்டினால், சந்தேகம் பாம்புப் பக்கத்தின் மேல்தான் விழும்.

இது எங்களுக்குத் தெரியாததில்லை. மெத்தைக்கு இப்படி ஆனால் புதுப் பெயரில் புதுத் தளம் திறந்துகொள்வோம். எங்கள் தொழிலில் எல்லாமே மறுபடி திறக்கக்கூடியவை. அந்தப் பழக்கத்தில் சுனில்டா ஒன்றை மறந்துவிட்டாள். பிளாசிதாவின் பக்கம் உண்மையானது.

"எடுத்துடலாம். எல்லாத்தையும்" என்றாள்.

எடுத்தோம். ஒவ்வொரு வலைப்பூவாகத் திறந்து நீலச் சொற்களை அழித்தோம். வெறுங்கால் கட்டுரையையும் முழுதாகத் தூக்கிவிட்டேன். யாரும் கேட்கவில்லை. பக்கம் மெல்லத் திரும்பி வந்தது, ஆரம்பத்தில் கிடந்த அதே ஆழத்துக்கு.

பிளாசிதாவிடம் இதை எப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"சொன்னேன். ‘நீ ஏத்தினது போதும், இறக்காம இருந்தா சரி’ன்னா."

5

பிறகு நேர்வழி.

சுனில்டா உண்மையான மனிதர்களிடம் கேட்க ஆரம்பித்தாள். ஒரு நகராட்சி, கூட்டத்தில் வைத்து முடிவு செய்வதாகச் சொன்னது. ஒரு பள்ளி, குழந்தைகள் பயப்படுவார்கள் என்றது. ஒரு தேவாலயம் மட்டும் உடனே போட்டது, தன் பக்கத்தில், பிங்கோ விளையாட்டு அறிவிப்புக்குக் கீழே. எங்கள் மேலாளர் பார்த்தால் சிரித்திருப்பார். சுனில்டா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். காசு வாங்காமல் ஒருவர் காட்டிய கையை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

[இந்த இடத்தில் நம்பிக்கை என்றால் என்ன என்று ஒரு பத்தி எழுதினேன். வேண்டாம். பிங்கோவே போதும்.]

ஆனால் பிங்கோ போதாது. சுனில்டா தேடல் முடிவுகளை மேலிருந்து பார்த்தாள். முதலிடத்தில் ஒரு பக்கம் அசையாமல் இருந்தது.

‘பாம்பு கடிச்சிடுச்சா? பயப்படாதே.’

எழுதியவர் ஆர்செனியோ, மூலிகை வியாபாரி. அவருடைய பக்கம் மேலே இருப்பதற்குக் காரணம் உண்டு. கடிபட்டவர்கள் எப்படிப் பேசுவார்களோ அப்படியே அது எழுதப்பட்டிருந்தது. பல வருடங்களாகப் பள்ளிகள், வானொலி நிலையங்கள், விவசாயக் கூட்டுறவுகள் எல்லாம் அதைக் கை காட்டியிருந்தன. எல்லாம் உண்மையான கைகள். பக்கத்தின் நடுவில் ஒரு வேரின் படம். வேகவைத்துக் குடிக்க வேண்டும். அடியில் ஃபோன் எண். ஆஸ்பத்திரி என்ற சொல் எங்கும் இல்லை.

எங்கள் தொழிலில் முதலிடத்தில் இருப்பவரிடம் யாரும் இணைப்பு கேட்கமாட்டார்கள். அவரைத் தள்ளுவதற்காகத்தான் மற்ற எல்லோரிடமும் கேட்போம்.

"இவர்கிட்டக் கேக்கப்போறேன்" என்றாள் சுனில்டா.

"வெங்காயக் கடைக்காரர்கிட்டப் போயி, பக்கத்துக் கடையில நல்ல வெங்காயம் இருக்குன்னு பலகை வைங்கன்னு சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"வைப்பாரா?"

"வைக்கலைன்னா வெங்காயம் வாங்கிட்டு வரேன்."

அலுவலகத்தில் இதற்கென்று ஒரு மாதிரிக் கடிதம் உண்டு. பெறுபவரின் கட்டுரையைப் புகழ்ந்து ஆரம்பிக்கும். எந்தக் கட்டுரை என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் நிரப்பிக்கொள்ள வேண்டும். சுனில்டா பதற்றத்தில் நிரப்பாமல் அனுப்பிவிட்டாள். அவருக்குப் போனது இது (டோன் என்பது இங்கே பெரியவர்களை அழைக்கும் மரியாதைச் சொல்):

[மதிப்புக்குரிய டோன் ஆர்செனியோ, (தலைப்பு) பற்றிய உங்கள் அருமையான பதிவை ரசித்து வாசித்தேன்.]

பதில் உடனே வந்தது.

‘(தலைப்பு) எனக்கும் உசிரு. அதைப் பத்திப் பேச ஆள் கிடைக்காம தவிச்சுக்கிட்டிருந்தேன். நேர்ல வாங்க.’

6

இனி ஆர்செனியோ வர வேண்டும். அவரை நான் நம்பவில்லை.

முதல் வரைவில் அவருக்குத் தங்கப்பல் வைத்தேன். இருட்டான கடை, தொங்கும் பாம்புத்தோல். அவர் சிரித்தபோதெல்லாம் பல் மின்னியது. தவறு செய்பவருக்கு எதற்குத் தங்கப்பல் என்று யோசித்து அழித்தேன்.

இரண்டாவது வரைவில் வெள்ளைத் தாடி. காட்டைப் பார்த்துக்கொண்டு மௌனமாக இருந்தார். நான்காவது வரியில் உவமை சொல்ல ஆரம்பித்தார். அங்கேயே நிறுத்திவிட்டேன்.

கடைசியில் சுனில்டாவிடமே கேட்டேன். "நிஜமா எப்படி இருந்தாரு?"

"செருப்பு ரெண்டும் வேற வேற. தலைக்குச் சாயம் போட்டிருந்தாரு. காது வரைக்கும் வழிஞ்சிருந்தது. உங்க அப்பா மாதிரி வெச்சுக்கோயேன்."

"எங்க அப்பா சாயம் போடமாட்டாரு."

"அப்ப எங்க அப்பா மாதிரி."

அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

7

பேருந்தில் சிபா ரொட்டிக் கூடையோடு ஒருத்தி ஏறினாள். சுனில்டா ஆர்செனியோவுக்கும் சேர்த்து வாங்கினாள். வெறுங்கையோடு போய்க் கேட்கக் கூசியது.

வீட்டுக்குப் பின்னால், மாமரத்தடியில், மூட்டை மூட்டையாகக் காய்ந்த இலைகள். ஆர்செனியோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"தலைப்பு வந்தாச்சு!" என்று வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார். உள்ளே யாரும் இருந்த மாதிரித் தெரியவில்லை.

தெரெரேவுக்கு எல்லாம் தயாராக இருந்தது. ஐஸ் தண்ணீர்க் குடுவை, மாட்டுக்கொம்புக் குவளை, உறிஞ்சும் குழல். குவளையில் இலைத்தூளை நிரப்பித் தண்ணீர் ஊற்றி முதலில் அவர் குடித்தார். மறுபடி ஊற்றி அவளிடம் நீட்டினார்.

"அசுன்சியோன்லேருந்து இவ்வளவு தூரம், ஒரு நீல எழுத்துக்கா?"

"ஆமா டோன் ஆர்செனியோ."

"ஃபோன்லயே கேட்டிருக்கலாமே, பொண்ணு."

"முடியாதுன்னு ஃபோன்ல சொல்றது சுலபம்."

"நேர்லயும் சுலபம்தான். முடியாது." குவளையை வாங்கி மறுபடி ஊற்றினார்.

தெரெரே குடிப்பவர் குவளையைத் திருப்பிக் கொடுக்கும்போது நன்றி சொன்னால் போதும் என்று பொருள். அதோடு எழுந்துகொள்ளலாம். சொல்லாதவரை ஊற்றுகிறவர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விருந்தாளியை நிறுத்தச் சொல்ல வீட்டுக்காரருக்கு வாய் வராது.

சுனில்டா நன்றி சொல்லவில்லை.

[இந்த இடத்தில், முந்தைய வரைவில், அவள் ஒரு பக்கத்துக்குப் பேசினாள். உயிரின் மதிப்பு, தகவலின் கடமை. ஆர்செனியோவுக்குக் கண் கலங்கியது. நான் எழுதியதிலேயே சிறந்த மெத்தைக் கட்டுரை அது. எடுத்துவிட்டேன். அன்றைக்கு அவள் அப்படியெல்லாம் பேசவில்லை. குடித்தாள்.]

"தினமும் எழுந்ததும் முதல் வேலையா நான் தேடிப் பாப்பேன்" என்றார் ஆர்செனியோ. "முதலிடத்துல நான் இருப்பேன். அப்பறம்தான் மூஞ்சி கழுவுவேன். எங்க ஃபுட்பால் கிளப் கோப்பை தூக்கி எத்தனை காலமாச்சு தெரியுமா? அப்ப எனக்குச் சாயமே தேவைப்படல. எனக்குன்னு இருக்கற முதலிடம் இது ஒண்ணுதான். அதையும் கேக்க வந்துட்ட."

"இடத்தைக் கேக்கல. கை காட்டச் சொல்லித்தான் கேக்கறேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே. உங்க தொழிலு எனக்குத் தெரியாதா? நீ மேல வந்தா நான் கீழ."

அது உண்மை. அவள் மறுக்கவில்லை. குவளையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னுமா?" என்றார்.

"வெயில்."

வானம் மூடிக் கிடந்தது. அவர் ஊற்றினார்.

அவருடைய ஃபோன் அடித்தது. எடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் தயங்கியதை அவள் பார்த்தாள்.

"சொல்லுங்க... கிட்னியில கல்லா?" அவர் முகம் மலர்ந்தது. "எந்தப் பக்கம் வலி?... வேகவைக்காதீங்க, ராத்திரி ஊறப்போடுங்க... குடிக்கமாட்டேங்கறாரா? உங்க வீட்டுக்காரர் இதுவரைக்கும் எதைக் குடிக்கமாட்டேன்னு சொல்லியிருக்காரு? குடிப்பாரு, குடுங்க."

ஃபோனை வைத்தார்.

"நாள் முழுக்க இப்படியா?" சுனில்டா கேட்டாள்.

"நாள் முழுக்க."

"பாம்பு கடிச்சும் கூப்பிடுவாங்களா?"

ஊற்ற எடுத்த குடுவை அவர் கையிலேயே நின்றது.

"கூப்பிடாம? நம்பரை நான்தானே போட்டிருக்கேன்."

"என்ன சொல்லுவீங்க?"

"என்னத்தைச் சொல்றது? ஆஸ்பத்திரிக்கு ஓடுன்னுவேன்."

"வேர்?"

"வேர் பயத்துக்கு, பொண்ணு. விஷத்துக்கு இல்ல. அதைக் குடிச்சா கை நடுக்கம் நிக்கும், அவ்வளவுதான்."

"பக்கத்துல அப்படி எழுதலையே."

"எழுதினா எவன் வாங்குவான்?" சட்டென்று சொல்லிவிட்டார். பிறகு ஊற்றி, அவளுடைய முறையை அவரே குடித்தார்.



"போன கோடையில ஒருத்தன் கூப்பிட்டான்" என்றார். "மரவள்ளி பிடுங்கப் போன எடத்துல. ஆஸ்பத்திரிக்குப் போடான்னேன். எந்த ஆஸ்பத்திரிக்கு டோன்னு கேட்டான். எனக்கு என்ன தெரியும்? கிட்ட இருக்கறதைச் சொன்னேன். அங்க மருந்து இல்ல. அங்கேருந்து இன்னொரு ஊரு."

"அவரு?"

"இருக்கான். ஒத்தைக் காலோட."

மூட்டைகளுக்கு நடுவில் ஒரு கோழி கிளறிக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"அன்னிலேருந்து ஃபோன் அடிச்சா, கல்லா இருக்கணும், இருமலா இருக்கணும்னு வேண்டிக்கிட்டுத்தான் எடுக்கறேன்."

சுனில்டா தன் ஃபோனில் பிளாசிதாவின் பக்கத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். ஊர்ப் பெயர்கள்மேல் விரலை ஓட்டினார்.

"இதை யாரு எழுதறது?"

"என் சித்தி மக. நர்ஸ். எல்லா இடத்துக்கும் ஃபோன் போட்டுக் கேட்டு எழுதுவா."

"எப்பக் கேட்டது?"

"இன்னிக்குக் காலையில."

"பச்சைன்னா நிஜமாவே இருக்கா?"

"நீங்களே கேளுங்க."

அவர் கேட்டார். பச்சையாக இருந்த ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து எண்ணை அடித்தார்.

"ஹலோ, உங்ககிட்டப் பாம்புக்கடி மருந்து இருக்கா?... இல்லையில்ல, எனக்குக் கடிக்கல... யாருக்கும் கடிக்கல... சும்மாதான் கேக்கறேன்... சும்மா கேக்கக் கூடாதா?"

வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"இருக்காம். ‘காலையிலதான் பாம்புக்காரி கேட்டா, இப்ப நீ எவன்யா’ன்னு திட்டறான்."

சுனில்டா முதல்முறையாகச் சிரித்தாள். அவர் குவளையை நிரப்பினார். அவள் வாங்கிக்கொண்டாள். வயிறு கல்லாகக் கனத்தது. குடித்தாள்.

"வயிறு வெடிக்கப்போகுது உனக்கு. நன்றின்னு சொல்லித் தொலையேன். போடறேன்."

"போடுங்க. சொல்றேன்."

8

இந்தக் கதைக்கு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒரு முடிவில் ஆர்செனியோ பக்கத்தின் அடியில், ஃபோன் எண்ணுக்கும் கீழே, சின்ன எழுத்தில் இணைப்பைப் போட்டார். எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். கேட்டவருக்கும் திருப்தி, போட்டவருக்கும் நஷ்டமில்லை.

இன்னொன்றில் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போடவில்லை. அது நல்ல இலக்கியமாக இருந்தது. சோகமாக முடிந்தால் கதையை எல்லோரும் உடனே நம்பிவிடுகிறார்கள். ஆனால் நடந்தது அதுவல்ல. நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டார்கள் என்பதற்காக நடக்காததை எழுத முடியாது.

நடந்தது இது. நீலச் சொற்கள் எவை என்று எப்போதும் நாங்கள்தான் எழுதிக் கொடுப்போம். சுனில்டா ‘பாம்புக்கடி மருந்து கிடைக்கும் இடங்கள்’ என்று கொடுத்துவிட்டு வந்திருந்தாள். மறுநாள் பார்த்தால் அந்தச் சொற்களைக் காணோம். அவருடைய பக்கத்தின் உச்சியில், வேருக்கும் தலைப்புக்கும் மேலே, ஆர்செனியோ தன் சொந்த வரியைப் பெரிதாகப் போட்டிருந்தார்:

‘இப்பத்தான் கடிச்சுதா? இதை வாசிச்சிட்டு உக்காராதே. மருந்து எங்க இருக்குன்னு இங்க பாரு, பாத்துட்டு ஓடு.’

வரி முழுவதும் நீலம்.

வேர் இன்னும் கீழே இருக்கிறது. அதன் பக்கத்தில் ‘பயத்துக்கு மட்டும்’ என்று சேர்ந்திருக்கிறது. விற்பனை எப்படி என்று சுனில்டா கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

தன்னைக் கை காட்டியிருந்த வானொலிக்காரர்களையும் கூட்டுறவுக்காரர்களையும் அவரே கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். என்ன சொன்னார் என்று தெரியாது. சுனில்டா கேட்காமலேயே இணைப்புகள் வர ஆரம்பித்தன. நகராட்சியின் கூட்டமும் ஒருவழியாக நடந்து முடிந்தது. பிளாசிதாவின் பக்கம் ஏறியது. இந்த முறை மெதுவாக. ஏறிய இடத்தில் நின்றது. பிறகு இன்னும் கொஞ்சம்.

வெயில் ஏற ஆரம்பித்த ஒரு காலையில் அது ஆர்செனியோவைத் தாண்டியது. சுனில்டா ஃபோனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். திட்டு வரும் என்று நினைத்தாள். செய்தி வந்தது. திரையின் படம், முதலிடத்தில் பிளாசிதா, இரண்டாவதில் அவர். கீழே எழுதியிருந்தார்:

‘இன்னிக்கு மூஞ்சி கழுவல.’

அதை அவள் பிளாசிதாவுக்கு அனுப்பினாள். பிளாசிதா கூப்பிட்டாள்.

"இப்ப எத்தனை பேர் பாக்கறாங்க?"

"நீயும் நானும் போக, நிறையப் பேர்."

"நிஜமாவா?"

"நிஜமா."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அழறியா?"

"ஃபோனை வைடீ. எனக்கு இன்னும் பாதி ஊரு கேக்க வேண்டியிருக்கு."

9

இங்கே நிறுத்தலாம். ஆனால் கதையாக இது இன்னும் முடியவில்லை என்று எனக்குத் தெரியும். பக்கம் மேலே வந்துவிட்டது, சரி. அதனால் என்ன ஆயிற்று? அதைக் காட்ட வேண்டாமா?

காட்ட வேண்டுமென்றால் ஒருவர் கடிபட வேண்டும். அவர் ஃபோனை எடுக்க வேண்டும், தேட வேண்டும், பச்சையைப் பார்க்க வேண்டும், சரியான ஊருக்குப் போக வேண்டும், பிழைக்க வேண்டும்.

அதற்கென்று ஓர் ஆளையும் தயார் செய்தேன். இல்லாத மனிதர்களைச் செய்வது எனக்குப் பழகிய வேலை. எள் வயலுக்குப் போகும் ஒரு பெண். எர்மிந்தா என்று பெயர் வைத்தேன். முழங்கை வரை மடித்த சட்டை, தலையில் துண்டு. நடக்கும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வாள். பேச்சு முழுவதும் ஓரகத்தியைப் பற்றி. கேட்டால் நமக்கே சிரிப்பு வரும்.

[எர்மிந்தா வரப்பில் காலை வைத்தாள். காய்ந்த இலைகளுக்கு அடியில்—]

இதற்கு மேல் எழுத வரவில்லை.

ஒரு பக்கம் வேலை செய்கிறது என்று நிரூபிக்க அவளைக் கடிக்கவிட எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. பிழைத்துக்கொள்வாள் என்று தெரிந்தும் முடியவில்லை. சுனில்டாவிடம் சொன்னேன். "கடிக்காம இருந்தா நல்லதுதானே, அதுக்கு ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்க?" என்றாள்.

இன்று காலை பிளாசிதாவின் பக்கத்தைப் பார்த்தேன். பெரும்பாலும் பச்சை. எர்மிந்தா வயலின் ஓரத்தில் ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறாள். ஓரகத்தியைப் பற்றிய வாக்கியம் பாதியில் நிற்கிறது. அவளை இனி நடத்திக்கொண்டு போக வேண்டியவர் நீங்கள். மருந்து எந்த ஊரில் இருக்கிறது என்பது தெரியும். அவள் ஃபோனிலும் சார்ஜ் இருக்கிறது. அவளை எங்கே கால் வைக்கவிடுவது என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேண்டுமானால், காலைக் கீழே வைப்பதற்குள், ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் போட்டுவிடலாம்.